பழைய கை வைத்த நாற்காலி: பார்த்து வாங்கவும் பழுது நீக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்குள் நுழைபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நாற்காலி வாங்குகிறார்கள். முன்னால் நின்று பார்ப்பார்கள், கைப்பிடியைத் தடவுவார்கள், "பர்மா தேக்கா?" என்று கேட்பார்கள். "தாத்தா காலத்துது சார்" என்பார் கடைக்காரர். பேரம் முடிந்துவிடும். அந்த நாற்காலியை ஒருமுறை கவிழ்த்துப் பார்த்திருந்தால், பத்து நிமிடம் அதிலேயே உட்கார்ந்து பார்த்திருந்தால், பல பேரங்கள் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

பழைய கை வைத்த நாற்காலி இத்தனை வருஷம் பிழைத்துக் கிடப்பதற்கு நல்ல மரம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், செய்தவர்கள் அது பழுதாகும் என்று தெரிந்தே செய்தார்கள். பிரம்பு அறும், மறுபடி பின்னலாம். ஒட்டு விடும், சூடு காட்டிப் பிரித்துத் திரும்ப ஒட்டலாம். பாலிஷ் மங்கும், அதன் மேலேயே இன்னொரு பூச்சு கொடுக்கலாம். இப்படித் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொள்ளும் வசதி இன்னும் கெடாமல் இருக்கிறதா என்பதுதான் வாங்கும்போது பார்க்கவேண்டியது. வாங்கிய பிறகு அதை நாமே கெடுத்துவிடக் கூடாது.

முதலில் கொஞ்சம் வரலாறு

வரலாறு வேண்டாம், நேராகக் கடைக்குப் போகலாம் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். ஆனால் எந்த நாற்காலி எப்போது, எதற்காக வந்தது என்று தெரியாமல் வயதைக் கணிக்க முடியாது.

நம் பக்கத்து வீடுகளுக்குக் கை வைத்த நாற்காலி கடல் வழியாகத்தான் வந்தது. திண்ணையும் பாயும் மணைப்பலகையும் இருந்த வீட்டில் அதற்குப் பெரிய தேவை இருக்கவில்லை. சோழமண்டலக் கரையில் குடியேறிய ஐரோப்பியர்கள் தங்களுக்கு வேண்டியதை இங்கேயே செய்யச் சொன்னார்கள். டச்சுக்காரர்கள் 1610 முதல் பழவேற்காட்டில் இருந்தார்கள், 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தக் கரையில் கருங்காலியில் நாற்காலி செய்யும் தொழில் வளர்ந்திருந்தது. முறுக்குக் கடைசல் போட்ட கால்கள், முதுகிலும் சட்டத்திலும் இடம் விடாத பூவேலை, தாழ்வான இருக்கை, அதில் பிரம்புப் பின்னல். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்த வகை நாற்காலிகள் இன்றும் இருக்கின்றன.

இவற்றுக்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. இங்கிலாந்தின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலின் மகன் ஹொரேஸ் வால்போல், லண்டன் அருகே ஸ்ட்ராபெரி ஹில் என்ற மாளிகையை அமைத்து அதைப் பழம்பொருளால் நிரப்பினார். சோழமண்டலக் கரை நாற்காலிகளைப் பார்த்த அவர், அவை 16ஆம் நூற்றாண்டு அரசர் எட்டாம் ஹென்றி காலத்து ஆங்கில வேலை என்று நம்பிவிட்டார். அந்த ஹென்றியின் அமைச்சர் கார்டினல் வுல்சி வாழ்ந்த ஈஷர் மாளிகையில் அதே மாதிரி நாற்காலிகள் கிடந்தன என்பது அவருக்குப் போதுமான சான்றாக இருந்தது. 1763இல் ஒரு ஏலத்தில் மொத்தமாக வாங்கியும் விட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வாங்க, 19ஆம் நூற்றாண்டிலும் நம் ஊர்த் தச்சர்களின் வேலை இங்கிலாந்தில் டியூடர் நாற்காலியாக, அதாவது எட்டாம் ஹென்றியின் வம்சத்துக் காலத்ததாக மதிக்கப்பட்டது. இன்னார் வீட்டில் இருந்தது என்பது வயதுக்குச் சான்று ஆகாது. அடுத்த முறை கடைக்காரர் "ஜமீன் வீட்டுப் பொருள்" என்று சொன்னால் வால்போலை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரம்பும் கிழக்கிலிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போனது. 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் லண்டனில் பிரம்பு நாற்காலி பெருகிய வேகத்தில், இருக்கைக்குக் கம்பளித் துணி விற்றவர்கள் பிழைப்பு போகிறது என்று நாடாளுமன்றத்தில் முறையிடும் நிலை வந்தது.

டச்சுக் காலத்து இன்னொரு வகை பர்கோமாஸ்டர் நாற்காலி. வட்டமான பிரம்பு இருக்கை, அரை வட்டமாக வளைந்து கையாகவே மாறிவிடும் முதுகு, பெரும்பாலும் ஆறு கால்கள், கீழே சக்கரத்து ஆரம் போலக் குறுக்குச் சட்டங்கள். இலங்கையிலும் பதேவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) நம் கரையிலும் இதைச் செய்தார்கள். கொழும்பு புறக்கோட்டையில் டச்சுக் கால அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் காலத்து மரச்சாமான்களில் ஆர்வம் உள்ளவர்கள் பார்க்கவேண்டிய இடம் அது.

இவையெல்லாம் நம் கைக்கு எட்டாத விலை. கைக்கு எட்டுவது 19ஆம் நூற்றாண்டிலும் அதன் பிறகும் செய்தவை. காபி, தேயிலைத் தோட்டங்களோடு நீலகிரியிலும் கேரளத்திலும் இலங்கை மலையகத்திலும் பரவியது பிளான்டர் சேர். முதுகும் இருக்கையும் ஒரே சரிவாக ஓடும் நீளமான பிரம்புப் பின்னல், முழங்கால் தாண்டி நீளும் கைகள். சிலவற்றில் கைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் பலகையை வெளியே திருப்பினால் கை இரண்டு மடங்கு நீளமாகும். அதன் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். நாள் முழுக்கத் தோட்டத்தைச் சுற்றி வந்தவரின் பூட்ஸ் கால்களுக்காகச் செய்தது அது. அடியிலும் முதுகிலும் காற்று புகுந்து போகும். மெத்தை வைத்துத் தைத்த ஐரோப்பிய நாற்காலி நம் ஊர் வெயிலில் தோற்றுப்போனதற்கும் பிரம்பு நின்றதற்கும் இதுதான் காரணம்.

இதன் ஏழைத் தம்பிதான் நம் வீட்டுத் துணி ஈஸி சேர். மடக்கும் மரச் சட்டம், பின்னால் சரிவு மாற்ற மூன்று வெட்டு, கித்தான் துணியின் இரு முனையிலும் நுழைத்த கம்பு. அந்தக் கம்பை உருவி வைத்துவிட்டுத் தாத்தா வந்து உட்காருவதற்காகக் காத்திருக்காத பேரன்கள் குறைவு. இது பழம்பொருள் கடையில் பெரிய விலைக்குப் போகாது. ஆனால் நல்ல தேக்கில் செய்த ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தால் அதை இறக்குவதில்தான் இந்த வழிகாட்டி தொடங்கவேண்டும். துணியை மாற்ற ஒரு தையற்காரர் போதும்.

ராணுவத்திலிருந்து வந்தது ரூர்க்கி நாற்காலி. வங்காளப் பொறியாளர் படைப்பிரிவு இருந்த ரூர்க்கி ஊரின் பெயர் அதற்கு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. கடைந்த நான்கு கால்கள், துளையில் செருகும் குறுக்குச் சட்டங்கள், கித்தான், தோல் வார். ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. கழற்றி மூட்டையாகக் கட்டிக் குதிரையில் ஏற்றலாம். இணைப்புகள் இறுகி ஒட்டாததால் மேடு பள்ளமான தரையிலும் நான்கு காலும் பதியும். டேனிஷ் வடிவமைப்பாளர் கோரே கிளிண்ட் 1933இல் செய்த சஃபாரி நாற்காலி நேரடியாக இதன் வாரிசு.

இதே பிரித்துச் சேர்க்கும் புத்தியை அதற்கு முன்பே ஆலைக்குக் கொண்டுபோனவர் மைக்கேல் தோனெட். வியன்னாவிலிருந்து இயங்கிய அவர் நிறுவனம் பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்தது. 1859இல் வந்த 14ஆம் எண் நாற்காலி ஆறு மரத் துண்டுகளும் சில திருகுகளும்தான். 36 நாற்காலிகளைப் பிரித்து ஒரு கன மீட்டர் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். 1869இல் காப்புரிமை முடிந்ததும் கோன், ஃபிஷெல் என்று போட்டி நிறுவனங்கள் அதே வேலையைச் செய்யத் தொடங்கின. கை வைத்த வளைமர நாற்காலி ஒன்றைக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே விரும்பித் தன் கட்டடங்களில் போட்டார். மும்பை இரானி ஹோட்டல்களில் பார்க்கும் வளைமர நாற்காலிகள் இந்தக் குடும்பம்.

கடைசியாகச் சண்டிகர். 1950களில் லெ கொர்புசியேயின் உறவினர் பியேர் ஜான்ரே, அங்கே எழுந்த புதிய அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் வடிவமைத்த கை நாற்காலிகள். கவிழ்த்த V போன்ற கால்கள். உடைந்ததும் அரசே பழைய சாமானாக ஏலம் விட்டது. வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப்போய்ப் புதுப்பித்து லட்சக்கணக்கில் விற்கத் தொடங்கிய பிறகுதான் நமக்கு விழிப்பு வந்தது. இப்போது சந்தையில் போலி ஏராளம். இந்த வகையை முதல் நாற்காலியாக வாங்கவேண்டாம் என்பேன்.

படி 1: எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

படிக்கவா, சாயவா, வந்தவர்களை உட்காரவைக்கவா? பிளான்டர் சேர் அழகுதான், ஆனால் முழங்கால் வலி உள்ளவர் அதிலிருந்து எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்கவேண்டும். ஆறடி நீளம் வரை இடமும் பிடிக்கும். அடுக்குமாடி வீட்டு ஹாலில் போட்டால் நடுவழியில் மாடு படுத்த மாதிரி இருக்கும். சிறிய வீட்டுக்கு நிமிர்ந்த முதுகுள்ள பிரம்பு ஆபீஸ் நாற்காலியோ வளைமர நாற்காலியோ பொருத்தம்.

நூறு வருஷம் கடந்ததை ஆன்டிக் என்றும், அதற்குக் குறைந்த பழசை விண்டேஜ் என்றும் சொல்வது வியாபார வழக்கம். உட்காருவதற்கு வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. 1950களில் ஒரு நல்ல ஆசாரி செய்த நாற்காலி, 1890இல் ஒரு சோம்பேறி செய்ததைவிட எல்லா வகையிலும் மேல்.

படி 2: எங்கே தேடுவது

காரைக்குடி, கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெரு, புதுச்சேரி, சென்னை ஏலக் கடைகள். பழைய வீடு இடிக்கும் இடத்தில் மரம் வாங்கும் வியாபாரிகளையும் விசாரியுங்கள். அவர்களுக்குக் கதவும் உத்தரமும்தான் கண்ணில் படும், நாற்காலி மூலையில் கிடக்கும். செட்டிநாட்டு வீடுகளின் சாமான் சந்தைக்கு வந்ததற்குப் பின்னால் பர்மாவில் செழித்த லேவாதேவித் தொழில் இரண்டாம் உலகப் போரோடு நொடித்த வரலாறு இருக்கிறது. பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீடுகளிலிருந்து சாமான் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

படி 3: கவிழ்த்துப் பாருங்கள்

ஒரு சின்ன டார்ச், ஒரு அளவு நாடா, ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கவிழ்க்க விடாத கடையில் வாங்கவேண்டாம்.

முதலில் நிறம். பழைய நாற்காலியின் அடிப்பக்கம் பாலிஷ் காணாமல் காற்றுப் பட்டே கறுத்திருக்கும். ஓரிடம் கூடுதலாக, ஓரிடம் குறைவாக. அடிப்பக்கமும் மேல்பக்கம் போல ஒரே நிறத்தில் பளபளத்தால் யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு கால் மட்டும் வெளிறியிருந்தால் அந்தக் கால் மாற்றியது. மாற்றியது குற்றமில்லை, விலையில் தெரியவேண்டும்.

அடுத்தது தேய்மானம். மனிதர் உட்காரும் இடத்தில் மனிதர் தேய்க்கிறபடிதான் தேயவேண்டும். கைப்பிடியின் நுனி, முன் குறுக்குச் சட்டத்தின் மேல் விளிம்பு, பின் கால்களின் அடி. உள்ளங்கை எட்டாத இடத்தில் தேய்ந்திருந்தால் அது சங்கிலியாலும் உப்புத்தாளாலும் செய்த முதுமை.

கடைசல் கால் இருந்தால் ஒரு நல்ல சோதனை உண்டு. மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. வட்டமாகக் கடைந்த கால் பல பத்தாண்டுகளில் லேசாக நீள்வட்டமாகிவிடும். கடைசல்காரர்கள் வைத்திருக்கும் காலிப்பரால் (விட்டம் அளக்கும் கருவி) ஒரு இடத்தில் அளந்து, அதை அப்படியே கால் சுற்றுத் திருப்புங்கள். ஓரிடத்தில் உரசி ஓரிடத்தில் ஆடினால் வயது உண்டு. சுற்றி ஒரே மாதிரி பொருந்தினால் புதுசாக இருக்க வாய்ப்பு அதிகம்.

திருகாணியைப் பாருங்கள். நட்சத்திரத் தலை போட்ட திருகாணி 1930களுக்குப் பிறகு வந்தது. ஒற்றைக் கோடு போட்டது பழசாகவும் இருக்கலாம், போன வருஷத்ததாகவும் இருக்கலாம். கூர்முனை இல்லாமல் மொட்டையாக முடியும் திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியது. ரம்பத் தடத்தை வைத்து மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. வளைந்த தடம் இருந்தால் வட்ட ரம்பம், அதனால் பிந்தியது; நேர்த் தடம் இருந்தால் கையால் அறுத்தது, அதனால் முந்தியது என்பார்கள். நம் பக்கம் இரண்டு ஆள் நின்று கையால் மரம் அறுப்பது 20ஆம் நூற்றாண்டிலும் வெகுநாள் நடந்தது. ஆகவே நேர்த் தடம் எதையும் நிரூபிக்காது.

இனி இணைப்புகள். நல்ல நாற்காலியில் சட்டம் காலுக்குள் கூராகப் போய்த் துளையில் உட்கார்ந்திருக்கும், அதைக் குறுக்கே ஒரு மூங்கில் ஆணியோ மர ஆணியோ பிடித்திருக்கும். அந்த ஆணியின் தலை லேசாக வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சந்தோஷப்படுங்கள். சுற்றியுள்ள மரம் சுருங்கியிருக்கிறது, ஆணி அப்படியே நிற்கிறது. இணைப்பின் மேல் இரும்பு ஆணி அடித்திருந்தால் கவலைப்படுங்கள். அடித்தவர் அந்த நேரத்துக்கு ஆட்டத்தை நிறுத்தினார், ஆனால் அடுத்த முறை பிரிக்க முடியாதபடி பூட்டிவிட்டார். எம்சீல் அடைத்த இணைப்பு இன்னும் மோசம்.

பின்னல் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதும் சாட்சி. இருக்கைச் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருந்தால் கையால் பின்னுவதற்காகச் செய்தது. துளைக்குப் பதில் ஒரு காடி வெட்டி, அதில் ஆயத்தப் பின்னல் விரிப்பை அழுத்தி ஒரு குச்சியால் அடைத்திருந்தால், அது எந்திரப் பின்னல் வந்த பிறகு, அதாவது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்குப் பிறகு. துளைகளும் இருந்து அதன் மேல் பலகையும் அடித்திருந்தால், பின்னல் கூலிக்குப் பயந்தவர் வேலை. பலகையைக் கழற்றினால் பழைய நாற்காலி திரும்பக் கிடைக்கும். பலருக்கு இது கண்ணில் படாததால் நல்ல விலையில் கிடைப்பதும் இந்த வகைதான்.

வளைமர நாற்காலியில் இருக்கை வளையத்தின் உட்புறத்தைத் தடவுங்கள். நிறுவன முத்திரையோ காகிதச் சீட்டின் மிச்சமோ அங்கேதான் இருக்கும். ஜான்ரே நாற்காலிகளில் துறையின் பெயரும் எண்ணும் பெயிண்டில் எழுதியிருக்கும். ஆனால் பெயிண்ட் யாருக்கும் கிடைக்கும்.

கடைசியாக, நாற்காலிக்கு அடியில் வெள்ளைத் தாளை விரித்து, கால்களைக் கையால் நான்கு தட்டுத் தட்டுங்கள். மாவு போன்ற தூள் புதிதாகக் கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. ஓட்டை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் பழைய கதை.

படி 4: மரம்

விற்பவர் வாயில் எல்லாத் தேக்கும் பர்மா தேக்குதான். நேரான இழை, கணு குறைவு, பொன் கலந்த பழுப்பு, தொட்டால் மெல்லிய எண்ணெய்ப் பசை. இவை முதிர்ந்த தேக்கின் அடையாளம், பர்மாவுக்கு மட்டும் சொந்தமல்ல. நிலம்பூரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் போட்டுவிட்டார்கள். மலபார் தேக்கும் தரத்தில் இளைத்ததில்லை. மரம் எங்கே வளர்ந்தது என்று நாற்காலியை வைத்துச் சொல்வதாக யாராவது கூறினால் தலையாட்டிவிட்டு விலையைப் பேசுங்கள்.

ஈட்டி என்கிற தோதகத்தி கனமானது. கருஞ்சிவப்பில் கறுப்பு வரி ஓடும். சாயம் ஏற்றிய சாதாரண மரத்தை ஈட்டி என்று தள்ளுவது உண்டு. அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மூலையில் நகத்தால் கீறினால் வெளிறிய மரம் எட்டிப்பார்க்கும். கருங்காலிக்கும் இதே சோதனை. அசல் கருங்காலி உள்ளேயும் கறுப்பு, தூக்கினால் கை வலிக்கும். பலா மரத்தில் செய்தவை கேரளத்திலும் இலங்கையிலும் நிறைய. மஞ்சளாகத் தொடங்கி வயதாக ஆகச் செம்பழுப்பாகும், தேக்கு என்று விற்பார்கள். பலா ஒன்றும் மட்டமில்லை, தேக்கு விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

படி 5: உட்காருங்கள்

கடைக்காரர் டீ சொல்லட்டும், நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். முதல் நிமிடத்தில் எல்லா நாற்காலியும் சுகமாகத்தான் இருக்கும். பத்தாவது நிமிடத்தில் முன் சட்டம் தொடையில் அழுத்துகிறதா, பிட்டம் முன்னால் வழுக்குகிறதா, கை வைத்தால் தோள் தூக்கிக்கொள்கிறதா என்று தெரியும். நிமிர்ந்த நாற்காலியில் இருக்கை தரையிலிருந்து 16, 17 அங்குலமும், கைப்பிடி இருக்கையிலிருந்து 8, 9 அங்குலமும் இருந்தால் நம் உயரத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் நாடாவைவிட உங்கள் உடம்பு சொல்வதை நம்புங்கள்.

கைப்பிடியில் இரு உள்ளங்கையையும் ஊன்றி எழுந்திருங்கள். வயதானவர்களுக்குக் கையின் முதல் பயன் சாய்ந்துகொள்வதல்ல, எழுவது. கை முன்பக்கம் வரை நீளாமல் பாதியில் நின்றால் எழும்போது பிடி கிடைக்காது. பிரான்சில் 15ஆம் லூயி காலத்தில் கைத் தாங்கியை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். வளையம் வைத்து விரிந்த பாவாடை கட்டிய பெண்கள் உட்காரவேண்டுமே. அந்தப் பாணியைப் பார்த்துச் செய்த நாற்காலியில் நம் வீட்டுப் பாட்டி உட்கார்ந்தால் எழச் சிரமப்படத்தான் செய்வார்.

பிறகு இடம் வலமாக லேசாக ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடினால் பயம் வேண்டாம், ஒட்டு விட்டிருக்கும், அவ்வளவுதான். முதுகுச் சட்டத்தின் அடியில், பின்காலோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். உடம்பின் பாரம் முழுக்க நெம்பும் இடம் அது. அங்கே இழை அறுந்தால் எந்தப் பசையும் வெகுநாள் தாங்காது.

படி 6: விலை

அதே அளவு நாற்காலியை நல்ல தேக்கில் இன்று புதிதாகச் செய்ய உங்கள் ஊர் ஆசாரி என்ன கேட்பார், பின்னல் கூலி என்ன என்று முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். சாதாரணப் பழைய நாற்காலிக்கு அதுதான் உச்ச வரம்பு. அதிலிருந்து பின்னல், ஒட்டு, பாலிஷ் செலவைக் கழியுங்கள். அதற்கு மேல் கேட்டால், எந்த அபூர்வத்துக்காகக் கேட்கிறார் என்பதை அவர்தான் நாற்காலியில் காட்டவேண்டும்.

பாலிஷ் போடாமல் அழுக்காகக் கிடப்பதையே கேளுங்கள். "ரெடி பண்ணித் தரேன் சார், புதுசு மாதிரி ஆகிடும்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எந்திர உப்புத்தாளால் தேய்த்து மெலமைன் பூச்சு அடித்தால் புதுசு மாதிரி ஆகத்தான் ஆகும்.

படி 7: வீட்டுக்கு வந்ததும்

நேராக ஹாலுக்குள் கொண்டுபோகாதீர்கள். மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ தனியாகச் சில வாரம் வையுங்கள், அடியில் தாள் விரித்து. தூள் விழுந்தால் ஓட்டைகளில் மரத்துக்கான பூச்சிக்கொல்லியை ஊசிக் குழாயால் செலுத்தி, பாலித்தீனில் சுற்றிக் கட்டி வைக்கவேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

சுத்தம் செய்ய, மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணி போதும். முதலில் பழைய பாலிஷ் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒற்றி எடுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். அதிர்ஷ்டம்தான். அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும். புதிதாக அரக்கு கரைத்துத் துணியால் தேய்த்தால் பழைய பூச்சோடு கலந்துவிடும், சுரண்டவே வேண்டாம். அதன் மேல் தேன்மெழுகு. கைப்பிடி நுனியில் பல தலைமுறை உள்ளங்கை ஏற்றிய கறுப்புப் பளபளப்பை மட்டும் எடுக்காதீர்கள். அதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

படி 8: ஆட்டத்தை நிறுத்துவது

பழைய ஆசாரிகள் ஒட்டியது வஜ்ஜிரத்தால். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகும், அதுதான் அதன் சிறப்பு. இணைப்பில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சற்று நேரம் விட்டு, மரச் சுத்தியில் துணி கட்டி மெல்லத் தட்டினால் சட்டம் வெளியே வரும். மூங்கில் ஆணி இருந்தால் முதலில் அதை எதிர்ப்பக்கமாகத் தட்டி எடுக்கவேண்டும்.

பிரிக்கும்போதே ஒவ்வொரு துண்டிலும் சாக்பீசால் எண் போடுங்கள். கையால் செய்த நாற்காலியில் வலக் கைச் சட்டம் இடப் பக்கம் பொருந்தாது. பழைய பசையை வெந்நீரால் கழுவி, மரம் நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி ஒட்டுங்கள். வஜ்ஜிரம் கிடைத்தால் வஜ்ஜிரம். கிடைக்காமல் ஃபெவிகால் போட நேர்ந்தால், பழைய பசை கொஞ்சமும் இல்லாமல் எடுத்த பிறகே போடுங்கள், மேலே பூசினால் பிடிக்காது. அடுத்த முறை பிரிப்பது கஷ்டம் என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள். கூர் துளையில் தளர்வாக இருந்தால் மெல்லிய மரச் சீவலை ஒட்டி அந்த முனையைப் பருமனாக்கவேண்டும், பசையால் இடைவெளியை நிரப்பக் கூடாது. ஒட்டியதும் கிளாம்ப் இல்லையென்றால் கயிறு சுற்றி நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். காய்வதற்குள் சமமான தரையில் நிறுத்தி நான்கு காலும் பதிகிறதா என்று பாருங்கள்.

படி 9: பிரம்பு

தொய்ந்த பின்னலெல்லாம் போன பின்னல் அல்ல. நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தில் வெந்நீர் நனைத்த துணியைப் போட்டு ஊறவிடுங்கள். அடிப்பக்கம்தான் நீர் குடிக்கும், மேல்பக்கம் வழவழப்பான தோல். பிறகு நிழலில் ஒரு இரவு காயவிட்டால் சுருங்கி இழுத்துக்கொள்ளும். யாரும் உட்காரக் கூடாது. இழைகள் அறாமல் இருந்தால் பல நாற்காலிகள் இதிலேயே தேறிவிடும்.

இழை அறுந்திருந்தால் முழுக்க மறுபடி பின்னவேண்டும். வழக்கமான எண்கோணக் கண் பின்னல் ஏழு கட்டம். முன்பின்னாக ஒரு வரிசை, அதன் மேல் இடவலமாக ஒன்று, மறுபடி முன்பின்னாக, நான்காவதாக இடவலம். இந்த நான்காவது வரிசைதான் மேலும் கீழுமாக நுழைந்து பூட்டுப் போடுகிறது. பிறகு மூலைவிட்டமாக இரண்டு திசையிலும் ஒவ்வொன்று, கடைசியாகத் துளைகளை மூடும் ஓரப்பட்டை. இழையை அரை மணி நேரம் ஊறவைத்து ஈரமாகவே பின்னவேண்டும், வழவழப்பான பக்கம் மேலே இருக்கவேண்டும். மூலைவிட்ட இழை எதன் மேல் போகவேண்டும், எதன் அடியில் போகவேண்டும் என்பது மாறிவிட்டால் இழுக்கும்போது உரசி அறுந்துபோகும். முடிந்த பின்னலில் விரலை ஓட்டிப் பாருங்கள். மூலைவிட்ட இழை நெருடாமல் வழுக்கிப் போனால் பின்னியவர் கை தேர்ந்தவர்.

ஆள் கிடைப்பதுதான் சிரமம். இந்தத் தொழிலில் பார்வையற்றவர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். அவர்களுக்கான தொழிற்பயிற்சியில் நாற்காலி பின்னுவது முக்கியப் பாடமாக இருந்தது, அரசு அலுவலகங்களின் பிரம்பு நாற்காலிகளைப் பின்னிக் கொடுத்தவர்கள் அவர்கள். உங்கள் ஊரில் பார்வையற்றோர் சங்கம் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். பேசும்போதே அசல் பிரம்பா, பிளாஸ்டிக்கா என்று தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். பிளாஸ்டிக் மழைக்குத் தாங்கும், கூலியும் குறையும். ஆனால் தொய்ந்தால் தண்ணீர் வைத்து மீட்க முடியாது, வெயில் காலத்தில் முதுகு வியர்க்கும்.

பின்னல் முடிந்த பிறகு பராமரிப்பு எளிது. முழங்காலை ஊன்றி ஏறாதீர்கள், மேலே நின்று ஒட்டடை அடிக்காதீர்கள். ஏசி அறையில் பிரம்பு காய்ந்து முறியும், மாதம் ஒருமுறை அடிப்பக்கம் தண்ணீர் தெளியுங்கள்.

படி 10: சட்டம்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குத் தாத்தா நாற்காலியை அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்கவேண்டியது இது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த கைவினைப் பொருளைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே அனுப்ப முடியாது. அதைவிட இளையது என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிக்கொண்டால் சுங்கத்தில் தொல்லை குறையும். ஈட்டி மரப் பொருளுக்கு அழியும் உயிரினங்கள் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாடும் உண்டு. தந்தம் பதித்த பழைய விசாகப்பட்டினத்து நாற்காலி யாராவது மலிவாகத் தந்தால் தொடவேண்டாம். தந்த வியாபாரத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது, பொருள் எவ்வளவு பழசு என்றாலும் விற்பதும் வாங்குவதும் வம்புதான்.

உள்ளூரில் வாங்கும் சாதாரணத் தேக்கு நாற்காலிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஒரு ரசீது மட்டும் கேட்டு வாங்குங்கள். அதில் மரம், தோராய வயது, மாற்றிய பாகங்கள் எவை என்று கடைக்காரர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். "பர்மா தேக்கு, தாத்தா காலம்" என்று வாயால் சொன்னவர் பேனாவை எடுத்ததும் எதை எழுதுகிறார், எதை விடுகிறார் என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.